ஒத்தை வாளி

விடியும் முன்பே இருளாயி இடுப்பளவுத் தண்ணீரில் நின்று நீச்சல் குளத்துச் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பாசி நக இடுக்கில் ஏறியது, கால் வழுக்கியது, குளிரில் தாடை அடித்துக்கொண்டது. பம்பு கெட்டுக் கிடந்தபோது நிர்வாகத்தில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. சாயங்காலம் கல்யாண விருந்து என்றதும் பச்சைத் தண்ணீருக்கு அவள்தான் பொறுப்பாம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர்ப் பால்மரக் காடாக இருந்த இடம் இது. மரங்களை அழித்து ரிசார்ட் கட்டியவர்கள் தொழிலாளர் குடியிருந்த பழைய லயத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். மனமிரங்கி அல்ல, கூப்பிட்ட குரலுக்கு ஆள் வேண்டுமே. வேலை போனால் வீடும் போகும். இருளாயிக்கும் மகளுக்கும் வேறு கூரை கிடையாது.

மேனேஜர் ரதீசன் வந்து நின்றான். அவன் தாத்தா இதே தோட்டத்தில் கணக்கெழுதி ஆட்களை அதட்டிய கிராணி. பேரன் சட்டையைத்தான் மாற்றியிருந்தான், குரலை அல்ல.

காரம் ஏறிய தண்ணீரில் குளோரின் எடுபடாது, முதலில் ஆசிட் ஊற்றிக் காரத்தை இறக்கிப் பம்பை ஓடவிட வேண்டும், வெயில் தாழ்ந்தபின் குளோரின் போடலாம் என்று கூட வேலை செய்யும் பத்துமலை எடுத்துச் சொன்னார். மத்தியானத்துக்குள் தண்ணீர் தெளிய வேண்டும், இரண்டையும் இப்போதே போடு என்றான் ரதீசன். குளோரினுக்குத் தனி வாளி கேட்டாள் இருளாயி. இருந்த இன்னொரு வாளியில் வரவேற்பறைக்கான ரோஜாக்கள் நின்றன.

"ஒரு வாளி போதும்லா. சும்மா சுசா பண்ணி வேலைய இழுக்காதிங்க," என்றான் ரதீசன்.

பத்துமலை அந்தக் காலத்தில் தோட்டத்துப் பால் ஸ்டோரில் வேலை பார்த்தவர். ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் ஆசிட் வாளியை அங்கே யாரும் கழுவுவதில்லை. அடியில் மிச்சம் இருந்தால் அடுத்த பாலுக்கு ஆகும். அவசரத்தில் கை பழைய பழக்கத்துக்குப் போய்விட்டது. ஆசிட்டைக் குளத்தில் ஊற்றிய கையோடு அதே வாளியில் குளோரின் தூளை அள்ளிக் கொட்டினார்.

புஸ்ஸென்று மஞ்சள் புகை கிளம்பியது. பத்துமலை தொண்டையைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தார். இருளாயி மூச்சை அடக்கி அவரை இழுத்துப் போடுவதற்குள் வாயில் நுரை தள்ளிவிட்டது.

ஆம்புலன்ஸ் வேண்டாம் என்றான் ரதீசன், மூக்கைக் கைக்குட்டையால் பொத்தியபடி. சைரன் கேட்டால் விருந்தாளிகள் மிரளுவார்களாம். ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் கிடத்தினால் காற்றுப் பட்டுச் சரியாகிவிடுமாம். மிச்சத் தூளை இருளாயி போட வேண்டுமாம்.

"அவன் தப்பு. வாளியக் கழுவல," என்றான் ரதீசன்.

"கழுவலதான் சார். ரெண்டாவது வாளியப் பூவுக்குக் குடுத்திங்க, மனுசனுக்குக் குடுக்கல."

"ஒனக்கு வீடு வேணுமா வேணாமா?"

மகள் முகம் அவள் கண்முன் வந்து போனது.

"வேணும். பத்துமலை அண்ணே உசுரோட திரும்பி வாரதுக்கும் லயத்துல வீடு வேணும்."

சலவைக்கார தினேஸ்வரி அழுக்குப் படுக்கை விரிப்புகளைக் கீழே கொட்டிவிட்டுத் தள்ளுவண்டியோடு ஓடி வந்தாள். பத்துமலையை அதில் கிடத்தி, வேலையாட்கள் கால் வைக்கக் கூடாத முன்வாசல் வழியாகத் தள்ளினார்கள். காலையிலேயே வந்திறங்கிய பட்டுப்புடவைகள் ஒதுங்கி வழிவிட்டன. வாசலில் நின்ற ரிசார்ட் வேனைத் தொட்டால் வேலை கிடையாது என்று ரதீசன் கத்தினான். டிரைவர் யுகேந்திரன் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏத்துங்கக்கா, போலாம்."

வேன் போனபின் இருளாயி ஈரப் பாவாடையோடு முன்வாசல் படியில் உட்கார்ந்தாள். பக்கத்தில் தினேஸ்வரி. சமையல்கட்டிலிருந்து மலாய்க்கார அக்காக்கள் ஏப்ரனைக் கழற்றிக்கொண்டு வந்தார்கள், தோட்டம் பார்க்கும் பங்களாதேஷ்காரர்களும் வந்தார்கள். நாளைக்கே லயத்தைக் காலி செய்ய வைப்பேன் என்றான் ரதீசன். ஒருவரும் எழவில்லை. மத்தியானம் யுகேந்திரன் போன் செய்தான். பத்துமலைக்கு மெஷின் வைத்துத்தான் மூச்சு ஓடுகிறது, டாக்டர் எதுவும் உறுதியாகச் சொல்லவில்லை. கேட்டவர்கள் இன்னும் நெருங்கி உட்கார்ந்தார்கள்.

விருந்து நேரம் வந்தது. குளம் பச்சையாகவே கிடந்தது. கரையில் கவிழ்ந்திருந்த அந்த ஒத்தை வாளியை எடுக்க ஒரு கையும் நீளவில்லை.