கேட்காமல் போனவர்

சடலம் சுமக்கும் பள்ளிவாசல் சந்தூக் வாசலில் வந்து இறங்கி நேரமாகிவிட்டது. அதில் போக வேண்டிய மாகீனும் குளித்து, கபன் துணி உடுத்தி, முகம் மட்டும் தெரியக் கூடத்தில் கிடந்தார். ஒரு சொல்தான் பாக்கி. அதை அவர் மனைவி செய்தூன் சொல்ல வேண்டும். மணக்காட்டில் அவர்கள் குடும்பத்து வழக்கம் அது. மய்யித்தை எடுக்கும் முன் மனைவி முகம் பார்த்து, "பொறுத்தேன்" என்பாள். மனிதருக்கு மனிதர் செய்த குற்றத்தை, பட்டவர் பொறுக்காமல் படைத்தவன் பொறுப்பதில்லை என்று நபிகள் நாயகம் கற்றுக்கொடுத்தது செய்தூனுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் வாய் வரவில்லை.

"சொல்லு செய்தூனே," என்றார் மாகீனின் அக்காள் ஆசியா. "அசர் தொழுகைக்குள்ள எடுக்காண்டாமா? ஆளுக வெயில்ல நிக்குது."

மாகீனுக்குச் சாலைக் கடைத்தெருவில் மசாலாக் கடை. ஆனால் பேர் வாங்கித் தந்தது கடையல்ல, பேச்சு. நாயகம் பிறந்த மீலாது மாதம் வந்துவிட்டால் ஆளைப் பிடிக்க முடியாது. நாயகம் பிய்ந்த செருப்பைத் தானே தைத்துக்கொண்டதையும், வீட்டுப் பெண்களையோ வேலையாளையோ ஒருநாளும் கைநீட்டி அடிக்காததையும் அவர் சொல்லக் கேட்டால் கல்லும் கரையும். கடைசி நோயில் காய்ச்சலோடு பள்ளிவாசலுக்கு வந்து, 'யார் முதுகிலாவது நான் அடித்திருந்தால் இதோ என் முதுகு, பழி தீர்த்துக்கொள்ளுங்கள்' என்று நாயகம் நின்றதைச் சொல்லும்போது, மாகீன் சால்வையை இறக்கித் தன் முதுகைச் சனங்களுக்குத் திருப்பிக் காட்டுவார். ஆண்கள் தேம்புவார்கள். ஒரு தடவை பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னால், வீங்கிய மணிக்கட்டை முந்தானையில் மூடிக்கொண்டு செய்தூனும் அழுதாள். இன்றைக்கு வீட்டுக்கு வந்து தன்னிடமும் கேட்பார் என்று நம்பினாள். வந்தவர், சோறு குழைந்துவிட்டது என்றார்.

படுக்கையில் விழுந்த பிறகு கேட்கத்தான் செய்தார். ஃபோனைக் காதில் வைக்கச் சொல்லி ஊரெல்லாம் மன்னிப்புக் கேட்டார். கடையில் வேலைபார்த்த வேல்சாமியிடம்கூட, "ஒருநாள் ஏசிப்போட்டேன், மனசுல வைக்காதே," என்று அழுதார். ஃபோனைப் பிடித்துக்கொண்டிருந்தது செய்தூன். ஒவ்வொரு அழைப்பு முடியும்போதும் அவள் காத்திருந்தாள். அவர் தண்ணீர் கேட்டார். கட்டியவளிடமும் கேட்க வேண்டும் என்பது அந்த மனுஷனின் நினைப்பிலேயே இல்லை. இப்போது அவளுக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். சொல்லாவிட்டால் அவர் மறுமையில் மாட்டிக்கொள்வார். மனமில்லாமல் சொன்னால், மய்யித்தின் முன்னால் சொன்ன பொய்யாகிவிடும்.

மகன் ஷிஹாப் உள்ளே வந்தான். பள்ளிவாசலில் ஜமாஅத்தாரின் முன்னால் நின்று, வாப்பாவுக்காக மன்னிப்புக் கேட்கப் போகிறவன் அவன்தான்.

"உம்மா, பள்ளியில எல்லார்ட்டயும் நான் கேட்டுக்கிடுவேன். நீங்க ஒரு வார்த்தை சொன்னா மதி, அது போதும்."

"அங்க கேக்கறத இங்க எங்கிட்ட கேளு மோனே," என்றாள் செய்தூன். "வாப்பா உங்கள அடிச்சாரு, பொறுத்துக்கிடுங்கன்னு கேளு. நான் சொல்லுவேன்."

ஆசியா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டார். ஷிஹாப் வாப்பாவின் முகத்தைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். சிறுவயதில் அவன் பார்க்காதது எதுவுமில்லை. உதடு பிரிந்தது. வெளியே யாரோ கலிமா சொல்லத் தொடங்கினார்கள். சமையலறை வாசலில் அவன் மனைவி சுமையா கதவைப் பிடித்தபடி, அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.