இரண்டாவது பிரேக்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை இரண்டு இடங்களிலிருந்து எடுத்து ஒட்டியது. பாதி, நாற்பத்தாறு வயதில் எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த பெண்மணியிடமிருந்து. மீதிப் பாதி, நகல் எடுக்கும் கடையின் மாடியில் ஞாயிறு சாயங்காலம் நாலைந்து பேர் கூடி, ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாகிக் கதை சொல்லி ஆடும் ஓர் ஆட்டத்திலிருந்து. அங்கே நான் ஒரே ஒரு முறைதான் போனேன்.

"கதவு திறந்திருக்கு. நீங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டார்கள். முப்பது வருடமாகக் கதை எழுதி, கண்ட பாத்திரங்களையெல்லாம் எழுப்பி, நடக்கவைத்து, சாகடித்தும் பழகியவனுக்கு அந்தக் கதவுக்கு முன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அசடு வழிய எழுந்து வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும், எனக்குப் பதிலாக அந்த நாற்காலியில் ஓட்டுநர் பயிற்சி ஆசிரியையை உட்காரவைத்தேன். (அவருக்கு உண்மையில் மகள் கிடையாது. மகள் என் சரக்கு.)

2

தொடக்கம் ஒன்று: 'அந்த ஞாயிற்றுக்கிழமை தன் வாழ்க்கையையே புரட்டிப் போடப்போகிறது என்று அவள் அறிந்திருக்க–' வேண்டாம். எழுதும்போதே கூசுகிறது.

தொடக்கம் இரண்டு: 'அவள் காரில் இரண்டு பிரேக்குகள் இருந்தன.' இது பரவாயில்லை.

பயிற்சிக் கார்களில் கற்றுக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் வைத்திருப்பார்கள். இருபத்திரண்டு வருடமாக அவளுடைய வலது கால் அதன் மேலேயே குடியிருந்தது. மாணவர்கள் அவளுக்கு வைத்த பெயர் பிரேக் அக்கா. பேருந்தில் போனாலும் அவள் கால் தரையை அழுத்தும். பக்கத்து வீட்டுக்காரர் மாடிப்படியில் வேகமாக இறங்கினாலும் அழுத்தும். (மாடிப்படி மிகை. பேருந்து உண்மை.)

ஊரில் பாதிப் பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவளின் மகளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. வகுப்பு மூன்று நாள் நடந்தது. நான்காம் நாள் மகள் சாவியை நீட்டினாள். "வண்டி நின்னது நான் போட்ட பிரேக்லயா, நீ போட்ட பிரேக்லயான்னே எனக்குத் தெரியலம்மா."

இனி வருவது அம்மா செய்த தவறு. மகளுக்கு இருபத்தாறு வயது. ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறாள். போன வருடம் ஒருநாள் அவள் குளித்துக்கொண்டிருந்தபோது, சமையல் மேடையில் சார்ஜில் கிடந்த அவள் போன் அடித்தது. தொலைவில் இருக்கும் ஒரு நகரத்தின் கண் மருத்துவமனை. வேலை உறுதி, எப்போது வந்து சேர்வார் என்று கேட்டார்கள். "அவ வரமாட்டா" என்றாள் அம்மா. பிறகு அந்த அழைப்பைப் பட்டியலிலிருந்து அழித்தாள். மகள் ஒரு மாதம் போனும் கையுமாக இருந்துவிட்டு, அந்தப் பேச்சையே விட்டுவிட்டாள்.

இப்போது அதே மருத்துவமனை மறுபடி ஆள் எடுக்கிறது. விண்ணப்பிக்க நாளை கடைசி நாள். ஞாயிறுதோறும் நகல் கடை மாடியில் ஆடப்போகும் மகள் அன்று அம்மாவையும் கூட்டிவந்திருந்தாள். மாடிப்படி ஏறும்போது சொன்னாள்: "ஒரு தடவை வேண்டாம்னு விட்டவங்கம்மா. திரும்பப் போய் நின்னா நல்லா இருக்காது. விட்டுடறேன்."

அம்மா படிகளை எண்ணுவது போலக் குனிந்தே ஏறினாள்.

3

மாடியில் ஒரு நீள மேசை. ஒரு கால் குட்டை என்பதால் அடியில் அட்டையை மடித்துச் செருகியிருந்தார்கள். ஆட்டத்தை நடத்துகிறவர் மருந்துக் கடைக்காரர். முன்னால் ஓர் அட்டைத் தடுப்பு வைத்து அதன் பின்னால் தன் குறிப்புகளை மறைத்திருந்தார். எதிரில் ஒரு தபால்காரர். அவர் இந்த ஆட்டத்தில் திருடன். வாரம் முழுக்க அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்காமல் கொண்டுபோய்க் கொடுத்த களைப்பு ஞாயிறன்று தீர்ந்துவிடும்.

"முதல் தடவை வர்றவங்களுக்கு நானே ஒரு ஆளைத் தயார் பண்ணி வச்சிருக்கேன்" என்று மருந்துக் கடைக்காரர் அம்மாவிடம் ஒரு தாளைத் தந்தார். கேடயம் ஏந்திய காவல்காரி. பலம் இவ்வளவு, வேகம் இவ்வளவு, பையில் முப்பது அடிக் கயிறு. அவள் அதை விபத்துக் காப்பீட்டுப் படிவம் போல இரண்டு பக்கமும் திருப்பிப் படித்தாள். (பெயர் எழுதும் கட்டத்தில் அம்மாவும் மகளும் வெறும் கோடு போட்டுவைத்திருக்கிறார்கள். நானும்தான்.)

"இதுல ஜெயிக்கிறது எப்படிங்க?"

"ஜெயிக்கிறதெல்லாம் இல்லைங்க. வழியில என்ன இருக்குன்னு நான் சொல்வேன். உங்க ஆள் என்ன பண்ணுவாங்கன்னு நீங்க சொல்லுங்க. நடக்குமா நடக்காதான்னு சந்தேகம் வந்தா மட்டும் பகடை."

"அப்போ எப்ப முடியும்?"

"ஏழு மணிக்கு. கீழே ஷட்டர் போட்டுடுவாங்க."

4

இந்தப் பகுதி முன்பு இரண்டு பக்கம் இருந்தது. அவள் கணவன் எப்படிப் போனான், மகளைத் தனியாக எப்படி வளர்த்தாள், அந்தப் போனை எதற்காக எடுத்தாள் எல்லாம் எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தால் நான் அவளுக்காக வக்காலத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன். அவள் என்னைக் கேட்கவே இல்லை. எடுத்துவிட்டேன்.

5

முதல் ஒரு மணி நேரம் காவல்காரி எதையும் தொடவில்லை. கதவு என்றால் தள்ளி நின்றாள், குதிரை என்றால் அதன் கடிவாளத்தைச் சரிபார்த்தாள். தபால்காரருக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. பிறகு ஒரு பள்ளத்தாக்கு வந்தது. குறுக்கே மரப் பாலம், பாதிப் பலகைகள் இல்லை, கீழே ஆறு. அக்கரையில் ஒரு வெளிச்சம்.

"இதுல ஒருத்தர் மட்டும்தான் போக முடியும்" என்றார் மருந்துக் கடைக்காரர். மகளின் பக்கம் திரும்பினார். மகள் ஆட்டத்தில் வழிகாட்டி. "நீங்க என்ன பண்றீங்க?"

"அவ வரமாட்டா" என்றாள் அம்மா.

தபால்காரர் தன் பென்சிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மருந்துக் கடைக்காரர் மெதுவாக, மருந்துச் சீட்டை விளக்கும் குரலில் சொன்னார்: "இங்க ஒரே ஒரு விதிதாங்க கண்டிப்பு. அடுத்தவங்க ஆள் என்ன பண்ணும்னு நாம சொல்லக் கூடாது. உங்க ஆளைப் பத்தி என்ன வேணும்னாலும் சொல்லுங்க."

புதிதாக வருகிற எல்லோரும் செய்கிற பிழைதான், தப்பில்லை என்றும் சொன்னார். ஆனால் அவள் முகம் செத்துப்போயிருந்தது. அதே இரண்டு சொற்கள். சமையல் மேடைக்கு அருகில் நின்று அதே குரலில் சொன்னவை. அவளுக்கு அவமானமாக இருந்தது. அவளைவிட எனக்கு.

"நான் போறேன்" என்றாள் மகள். "அம்மா, கயித்தை மட்டும் பிடிச்சுக்கிறியா?"

"இருபது பக்கப் பகடை. பன்னிரண்டுக்கு மேல விழணும்" என்றார் மருந்துக் கடைக்காரர்.

6

முதல் வரைவில் இருபது விழுந்தது. அது லஞ்சம். அடுத்ததில் ஒன்று விழுந்தது. அது கொடுமை. கடைசியில் வெட்கத்தை விட்டு அதே மாதிரிப் பகடை ஒன்றை வாங்கிவந்து என் மேசையிலேயே உருட்டினேன். என்ன விழுகிறதோ அதுதான் கதை என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டேன்.

ஏழு.

பலகை முறிந்தது. அம்மாவின் வலது கால் மேசைக்கு அடியில் ஓங்கி அழுந்தியது. அட்டை நழுவி, மேசை சாய்ந்து, பகடை தபால்காரரின் மடியில் விழுந்தது. "பாலம் இங்கேயும் உடைஞ்சிடுச்சு போல" என்றார் அவர்.

மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். வருடக்கணக்கில் அம்மா கேட்காத சிரிப்பு. "சரி, விழுந்துட்டேன். கழுத்தளவு தண்ணியா? கயிறு இருக்கா? நல்லது." முன்னால் சாய்ந்து கண்ணைச் சுருக்கினாள். "இங்கேருந்து பார்த்தா என்ன தெரியுது?"

அம்மா இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். விழுந்த பெண்ணுக்குப் பயமே இல்லை. மேற்கொண்டு என்ன என்று தெரிந்துகொள்ள அவசரமாக இருக்கிறாள்.

7

மருந்துக் கடைக்காரர் இப்போது அம்மாவின் பக்கம் திரும்புகிறார். "நீங்க என்ன பண்றீங்க?"

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவள் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள், நகல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் அம்மாவும் மகளும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். அழகாக வந்திருந்தது, அதனாலேயே நம்ப முடியவில்லை. இன்னொன்றில் அவள் வாயே திறக்கவில்லை. திங்களும் போய்விடுகிறது, மகள் கண்ணாடிக் கடையில் யாரிடமோ கீழ் வரியைப் படிக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதை முடித்ததும் தாளைக் கவிழ்த்துவைத்தேன். மூன்றாவதில் மகள் தானாகவே விண்ணப்பித்துவிடுகிறாள், அம்மா எதுவும் சொல்லாமலே தப்பித்துவி–

வேண்டாம். மூன்றிலும் என் கால்தான் அழுத்திக்கொண்டிருக்கிறது. அடுத்தவர் ஆள் என்ன செய்யும் என்று நாம் சொல்லக் கூடாது. புதிதாக வந்தவன் என்று எனக்கு ஒருமுறை விட்டுக்கொடுப்பார்கள், எத்தனை முறை விடுவார்கள்?

ஆகவே, எங்கே விட்டிருக்கிறேன் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். மணி ஆறே முக்கால். கீழே ஷட்டரை இறக்கும் கொக்கியைத் தேடுகிறார்கள். விண்ணப்பத்துக்கு இன்னும் ஒரு நாள் இருக்கிறது. மகள் ஆற்றில் நிற்கிறாள். அம்மாவின் முன்னால் உள்ள தாளில் முப்பது அடிக் கயிறு என்று எழுதியிருக்கிறது. அவள் தாளைப் பார்க்கவில்லை, மகளைப் பார்க்கிறாள். "நான்..." என்று ஆரம்பித்து நிறுத்தியிருக்கிறாள்.

இந்த முறை அந்தக் கேள்வியை அவளிடம் நீங்கள் கேளுங்கள். கேட்டுவிட்டு, எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும், அவளுக்காக நீங்கள் பதில் சொல்லிவிடாதீர்கள்.