பிளானில் இல்லாத அறை

கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடையை ஒட்டி ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. அதுதான் என் ஆபீஸ். இருபத்தாறு வருஷமாக இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு வீட்டு பிளான் போட்டுக் கொடுக்கிறேன். கார் நிறுத்த என்று நான் வரைந்த இடங்களில் பாதி இன்றைக்கு மளிகைக் கடை. மழைநீர்த் தொட்டி என்று காட்டியவை எங்கே இருக்கின்றன என்று கட்டியவர்களுக்கே தெரியாது. பேப்பர் வேறு, தரை வேறு. வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிச் சிரிப்பேன், பெரிய கெட்டிக்காரன் மாதிரி. என் அக்காவிடமும் அப்படித்தான் சொன்னேன்.

ஒதியம்பட்டில் அப்பா விட்டுப்போனது எட்டுக் குழி மனை, ஏறக்குறைய நாலாயிரத்து அறுநூறு சதுர அடி. முன்னால் ஓட்டு வீடு, அதில் பவுல்ராஜ் அண்ணன் குடும்பம். பின்னால் வேலியோரம் ஒற்றை அறை, அதில் மரிய செலின் அக்கா. அந்த அறை அவள் கட்டியது. பஞ்சாலையில் பதினெட்டு வருஷம் நின்றபடியே வேலை பார்த்து, ஆலையை மூடியபோது கைக்கு வந்ததில் சுவர் எழுப்பி ஷீட் போட்டாள். கொம்யூனில் கதவு எண் வாங்கி, அந்த நீலத் தகட்டை வாசற்படிக்கு மேலே தானே ஆணி வைத்து அடித்தாள். 17-ஏ. அன்றைக்குத் தெருவுக்கே டீ வாங்கிக் கொடுத்தாள்.

அம்மா இறந்தபோது எனக்கு ஒன்பது வயது. என்னைப் பாலிடெக்னிக் படிக்க வைத்தது அக்காவின் சம்பளம். அவள் ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. கேட்டால் பதில் எங்கள் பக்கம் திரும்பும் என்று தெரியும். மனையில் அவள் பங்கைக்கூட எங்கள் பேருக்கே எழுதிக் கொடுத்துவிட்டாள்.

"எனக்கு இன்னாத்துக்குடா மனை? இந்த ரூம் இருக்குது, போதும்."

ஓட்டு வீட்டை இடித்துவிட்டு வரிசையாக நாலு சின்ன வீடு கட்டுவது, இரண்டை விற்றுக் கட்டிய செலவைச் சரிக்கட்டி, மற்ற இரண்டை நானும் அண்ணனும் ஆளுக்கொன்று எடுத்துக்கொள்வது. இது அண்ணனின் யோசனை. வரைந்து பார்த்தேன். வேலியோரம் பத்தடி சும்மா விட்டால்தான் நாலு வீட்டுக்கு அனுமதி கிடைக்கும். அந்தப் பத்தடியில்தான் அக்காவின் அறை நின்றது. அறையைக் காட்டினால் மூன்று வீடுதான். அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். நான் அறையைக் காட்டவில்லை. அந்த இடத்தில் 'காலி' என்று எழுதிவிட்டு அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

"பேப்பர்லதான் இல்லக்கா. தரையில அப்படியே இருக்கும். பாஸ் ஆயிட்டா யாரு வந்து பாக்கப் போறாங்க?"

"நீ சொன்னா சரிதான்டா" என்றாள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த நாலு வீட்டில் ஸ்டோர் ரூம் அளவுக்குக்கூட அக்காவுக்கென்று ஓர் இடம் நான் வரையவில்லை. அவளுக்குத்தான் அறை இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

அதுவரை சின்ன வீடுகளுக்கு நான் எடுத்துக் கொடுக்கும் போட்டோவே போதும் என்றிருந்தது. கொம்யூனுக்குப் புதிதாக வந்த எஞ்சினியர் புகழ்வேந்தன் அப்படியில்லை. ஒவ்வொரு மனையையும் நேரில் போய் நின்று பார்க்கிற மனுஷன். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஒதியம்பட்டுக்கு வருவதாகச் சொல்லி அனுப்பினார். நான் முந்தின நாளே அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். அக்கா அறை வேண்டுமென்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "பொய் பிளான்னு தெரிஞ்சா உன் லைசென்ஸ் போயிருமாடா?" என்று மட்டும் கேட்டாள். "போவும்க்கா" என்றேன்.

வெள்ளிக்கிழமை வண்டியில் போகும்போதுதான் கதவு எண் தகடு ஞாபகத்துக்கு வந்தது. வண்டியை விரட்டினேன். போய்ப் பார்த்தால், வாசற்படிக்கு மேலே தகடு இல்லை. நாலு ஆணித் துளையும், வெயில் படாத ஒரு சதுரமும்தான் இருந்தன. உள்ளே கட்டில் இல்லை, அடுப்பு இல்லை, மாதா சொரூபம் இல்லை. சுவர் உயரத்துக்கு விறகும் தென்னமட்டையும் அடுக்கியிருந்தது. இருட்டோடு எழுந்து தனி ஆளாகச் செய்திருக்கிறாள், அறுபத்துமூன்று வயதில். கையெல்லாம் சிராய்ப்பு.

எஞ்சினியர் டேப் பிடித்து அளந்தார். பிறகு அறையைப் பார்த்தார்.

"இது பிளான்ல இல்லையே?"

"வெறவு போடற கொட்டாய் சார்" என்றாள் அக்கா.

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். மேலே ஃபேன் தொங்கியது. அதை மட்டும் அவளால் கழற்ற முடியவில்லை.

"விறகுக்கு எதுக்கும்மா ஃபேன்?"

அக்கா கொஞ்சமும் தயங்கவில்லை. "மழையில நமத்துப் போவுது சார். காயட்டும்னுதான்."

அவர் சிரிக்கவில்லை. என்னைத் தனியாக வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"பெனடிக்ட், யாராவது குடியிருந்தா இப்பவே சொல்லுங்க. ரூமைக் காட்டி, மூணு வீடா திருத்தி எடுத்துட்டு வாங்க. ஏதோ விட்டுப்போச்சுன்னு எழுதிக்கலாம். உங்க லைசென்சுக்கு ஒண்ணும் ஆகாது, நான் பாத்துக்கறேன். யாராவது இருக்காங்களா?"

இதைவிட நல்ல வார்த்தையை எனக்கு அந்த ஆபீசிலிருந்து யாரும் சொன்னதில்லை. அண்ணன் படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். என் மகள் ஆனி மேரிக்குத் தனி அறை தருவதாகச் சொல்லியிருந்தேன், அதுவும் நினைவுக்கு வந்தது. அக்கா தூரத்தில் புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். எஞ்சினியர் சொன்னது அவள் காதில் விழவில்லை. லைசென்சுக்கு ஆபத்தில்லை என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

"யாரும் இல்ல சார்" என்றேன்.

நாலு வீட்டுக்கும் அனுமதி வந்தது, ஒரே ஒரு நிபந்தனையோடு: வேலியோரம் உள்ள விறகுக் கொட்டகையைப் பதினைந்து நாளில் அகற்ற வேண்டும். அகற்றினோம். ஜேசிபிக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. தகடு எங்கே என்று நான் அக்காவைக் கேட்கவில்லை.

வீடுகள் எழுந்தன. இரண்டை விற்றோம். பங்குச் சாமியார் வந்து மற்ற இரண்டையும் மந்திரித்து, அறை அறையாகத் தீர்த்தம் தெளித்தார். அக்கா அண்ணன் வீட்டு ஹாலில் ஆறு மாதம் படுத்தாள், பிறகு என் வீட்டு ஹாலில். யாரும் எழுவதற்கு முன்பே பாயைச் சுருட்டிக் கதவுக்குப் பின்னால் வைத்துவிடுவாள். விருந்தாளி வந்தால் எழுந்து வெளியே போய்விடுவாள். என் மனைவி ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. சுளித்திருந்தால்கூடச் சண்டை போட்டு அக்காவுக்கு ஓர் இடம் ஒதுக்கியிருப்பேனோ என்னவோ. ஒரு செவ்வாய்க்கிழமை, அரியாங்குப்பத்தில் ஆலைத் தோழி காசம்மாளைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனவள், வரவில்லை.

போன் அணைந்திருந்தது. பதினோரு நாள் தேடினோம். காசம்மாள்தான் கடைசியில் வாய் திறந்தாள். கன்னியர் நடத்தும் முதியோர் இல்லம் ஒன்றில் அக்கா சேர்ந்திருக்கிறாள்.

கூட்டிவந்துவிடுவது என்றுதான் போனேன். ஒரு பை பிஸ்கட் வாங்கிப் போனதால், அன்னதானம் கொடுக்க வந்தவன் என்று நினைத்து சிஸ்டர் என்னை உள்ளே அழைத்துப் போனார். நீளமான கூடம், இரண்டு பக்கமும் கட்டில்கள்.

"காசு வாங்கறதில்லைங்க. ஆதரவு இல்லாதவங்களை மட்டும்தான் சேர்க்கிறோம். பிள்ளை, கூடப்பிறந்தவங்கன்னு யாராவது இருக்கறது தெரிஞ்சா அவங்ககூட அனுப்பிடுவோம். எத்தனையோ பேர் வெளியில காத்திருக்காங்க."

கடைசிக் கட்டிலில் அக்கா உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் தலைமாட்டுச் சுவரில் நீலத் தகடு. 17-ஏ.

"இவங்க செலினம்மா. யாருமே இல்லாதவங்க. பாவம், அந்தத் தகட்டை மட்டும் கொண்டுவந்தாங்க. சுவத்துல மாட்டிக்கலாமான்னு கேட்டாங்க" என்றார் சிஸ்டர். பிறகு நான் அழுவதைப் பார்த்து நின்றார். "இவங்களைத் தெரியுமா உங்களுக்கு? நீங்க யாரு?"

அக்கா நிமிர்ந்தாள். சிஸ்டருக்குத் தெரியாமல், வேண்டாம் என்று தலையை அசைத்தாள். தம்பி என்று சொன்னால் அடுத்த நிமிஷம் அவளை என்னோடு அனுப்பிவிடுவார்கள். எங்கே கூட்டிப்போவேன்? ஹாலுக்கு. கதவுக்குப் பின்னால் இருக்கிற பாய்க்கு.

"நான் வூட்டு பிளான் போடறவன் சிஸ்டர்" என்றேன்.

அக்கா மடியிலிருந்த கீரையை ஒதுக்கிவிட்டு, கட்டிலில் எனக்கு இடம் விட்டாள்.

"உக்காருங்க சார்" என்றாள்.