மர்மீத் யார்?

ஜெரோம் அதிகம் பேசமாட்டான். எதையும் மனதுக்குள் நாலு தடவை புரட்டிப் பார்த்து, கடைசியில் சொல்லாமலே விட்டுவிடுவான். கோவளத்தில் பிரெஞ்சுக்காரம்மா ஒருவர் திறக்கும் விருந்தினர் இல்லத்தில் வேலை கேட்டதையும் அப்படித்தான் மனைவி ஷாரோனிடம் சொல்லவில்லை. வீட்டுச் சாமான்களுக்குப் பிரெஞ்சில் பெயர் தெரிந்தால் வேலை என்று அந்த அம்மா சொல்லியிருந்தார். கைபேசியில் கேட்டுக் கேட்டுத் தமிழில் எழுதி, சமையலறைப் பாத்திரங்களில் ஒட்டினான். பாத்திரத்தில் பெயர் என்றால் கண் போகிற இடம் ஒன்றுதான். பெயர் வெட்டியிருக்கும் அந்த இடத்திலேயே ஒட்டினான். ஷாரோன் பார்த்தாள், கேட்கவில்லை. கேட்டாலும் பதில் வராது.

ஞாயிற்றுக்கிழமை சதுரங்கப்பட்டினத்திலிருந்து மாமியார் காசியம்மாள் மீனோடு வந்தாள். குழம்பு வைக்கக் குண்டானை எடுத்தவள் அப்படியே நின்றாள். அவள் சீர் கொடுத்து, தன் பெயரை வெட்டச் சொன்ன குண்டான். வெட்டிய பெயர் மேல் ஒரு காகிதம்.

"யாரு மாப்ள இந்த மர்மீத்?"

ஜெரோம் யோசித்தான். அந்த யோசனையே அவனைக் குற்றவாளி ஆக்கியது.

"தட்டுல அஸியெத்துனு ஒருத்தி. கரண்டியில லூஷுனு ஒருத்தி. எத்தினி பேருடா?"

"பாத்திரத்தோட பேரு அத்த. நாளைக்கு வேலைக்குக் கேள்வி கேக்கறாங்க."

"பாத்திரத்துல கீறது வாங்கிக் குடுத்தவ பேருதான். எனக்குத் தெரியாதா?"

கோணிப்பையை விரித்தாள். காகிதங்களை எல்லாம் பிய்த்துப் போட்டாள்.

"நெசம்னா பாக்காம சொல்லு. ஒண்ணு தப்புனாலும் பொண்ணையும் பாத்திரத்தையும் இட்டுகினு போயிடுவேன்."

ஷாரோன் மூலையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

குண்டான் எழுந்தது. "மர்மீத்." தட்டு. "அஸியெத்." வாணலி. "புவால்." மூடியை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "கூவெர்க்ல்." ஜெரோம் கல்யாணத்தன்றுகூட இத்தனை வார்த்தை பேசியதில்லை.

அடுத்து வடிதட்டு. தலைக்குள் ஒன்றுமே இல்லை. வடிதட்டின் ஓட்டைகள் வழியாக மாமியாரின் ஒரு கண் தெரிந்தது. தெருவில் பஸ் ஹாரன் கேட்டது. காசியம்மாள் கோணிப்பையின் வாயைத் திறந்தாள்.

"பஸ்வார்," என்றாள் ஷாரோன், வெங்காயத்தைப் பார்த்தபடி.

இருவரும் திரும்பினார்கள்.

"உனுக்கு எப்டிடீ தெரியும்?"

"அதுலதான தெனம் சோறு வடிக்கிறேன். இந்த வூட்டுல பாத்திரமாச்சும் பேசுதேன்னு படிச்சேன்."

"அத மொதல்லயே சொல்றதுக்கின்னா?"

"இந்தாளு இவ்ளோ பேசி நான் கேட்டதில்லமா. நடுவுல நிறுத்த மனசு வரல."

காசியம்மாள் கோணிப்பையை மடித்தாள்.

"நாளைக்கு ரெண்டு பேரும் போங்க. அங்கயும் இவுரு வாயத் தொறக்க மாட்டாரு." குண்டானை மருமகன் கையில் வைத்தாள். "என் பேரு மேல பசை கீது. தேய்ங்க."

ஜெரோம் குந்தித் தேங்காய் நாரால் தேய்த்தான். கொஞ்ச நேரம் கழித்து, யாரும் கேட்காமலே, தலையை நிமிர்த்தினான்.

"ஷாரோன், தேங்கா நாருக்கு இன்னா பேரு?"

"அதுல நீ ஒட்டலியே," என்றாள் அவள்.