குரல் போன போதகரும் தறிக்காரிகளும்

மழை ஓயாத மான்செஸ்டரில் எங்கள் தெருக்கோடியில் புனித ஆஸ்வால்ட் ஆலயத்தைத் திறந்தது 1874இல், மழை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதையே அற்புதம் என்றார்கள் சிலர்.

நான் அப்போது மில்லில் நாலு தறி பார்த்துக்கொண்டிருந்தேன். தறிகள் ஓடும் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவள் கத்தினாலும் கேட்காது. அதனால் நாங்கள் சத்தமில்லாமல் உதட்டை அசைத்தே பேசிக்கொள்வோம். கோயிலிலும் அந்தப் பழக்கம் விடாது. அன்று உள்ளே நுழைந்ததுமே அதைப் பார்த்த புதுப் போதகர் திர்க்கெல் ஐயா, நாங்கள் அவருக்கு அழகு காட்டுகிறோம் என்று நினைத்து, எங்களைக் கடைசி வரிசைகளுக்கு அனுப்பிவிட்டார்.

திறப்புக்கு முந்தின வாரமெல்லாம் கொத்தனார்களைக் கத்தி விரட்டியதில் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மேடையேறி வாயைத் திறந்தார். வெறும் காற்றுதான் வந்தது. முகம் சிவந்து போனாலும் நிறுத்தவில்லை, பேசிக்கொண்டே போனார். முன்வரிசை முதலாளிகள் விழித்தார்கள். திறப்புக்கு வந்திருந்த பேராயர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

பின்னால் நாங்கள் இருநூறு பேரும் கொல்லென்று சிரித்தோம். முதலாளிகள் திரும்பி முறைத்தார்கள். என் பக்கத்தில் இருந்த ஹெப்சிபா கிளெக் எழுந்துவிட்டாள்.

"எங்களை ஏன் முறைக்கிறீங்க? ஐயா சுண்ணாம்புத் தொட்டியில விழுந்த கதையைச் சொல்றாரு. உங்களுக்குக் கேக்கலைன்னா நான் சொல்றேன்."

"உக்காருடி, மானம் போகுது!" என்று அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தேன்.

"போனா திரும்பி வரும். சும்மா இரு."

போதகர் அவளையே பார்த்தார். பிறகு தலையசைத்தார். அவர் உதடு சொல்லச் சொல்ல, ஹெப்சிபா கூரை அதிரச் சொன்னாள். நடுவில் அவர் கீழே நின்ற கோயில் பணியாளிடம் குனிந்து ஏதோ கேட்டார். அதையும் அவள் விடவில்லை.

"பேராயர் தூங்கிட்டாரா, பாரு!"

பேராயர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "தூங்கலம்மா, ஜெபம் பண்ணிட்டிருந்தேன்."

ஆலயமே சிரித்தது. போதகர் கண்ணில் நீர் வருமளவுக்குச் சிரித்தார்.

மறுநாள் மில் வாசலில் வந்து நின்றார். குரல் இன்னும் வரவில்லை. "தப்பா நினைச்சிட்டேன், மன்னிச்சிடுங்க. இந்தப் பேச்சை எனக்கும் கத்துக்குடுப்பீங்களா?" என்று உதட்டால் கேட்டார்.

"தாராளமா ஐயா," என்றாள் ஹெப்சிபா. "முதல்ல அந்த மீசையை எடுங்க. நேத்து பாதிப் பிரசங்கம் நானாப் போட்டு நிரப்பினது."

அடுத்த ஞாயிறு வழுவழுவென்ற முகத்தோடு மேடையேறினார். பார்க்கப் பள்ளிக்கூடப் பையன் மாதிரி இருந்தார்.