மூன்று காளியப்பன்கள்

செம்மங்காட்டின் இணையப் பக்கத்தில் எதைத் தேடினாலும், தேடியது மட்டும் ஊரில் இருக்கும். மற்றதெல்லாம் அந்தப் பக்கத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கே நல்ல காற்று வருமாம், பாயும் விரித்திருக்குமாம். தேடல் பெட்டியில் எழுதியதை அழித்தால் போனவர்கள் விட்ட இடத்துக்கே, விட்ட பேச்சுக்கே திரும்பி வந்துவிடுவார்கள். இதில் யாருக்கும் ஒரு குறையும் இருந்ததில்லை.

பக்கத்தைப் பார்த்துக்கொள்வது அமராவதியின் வேலை. மனிதர்களின் அட்டவணை பழசு. பலகாரங்களுக்கு ஒன்று, பஸ்களுக்கு ஒன்று என்று மேலும் இரண்டைத் தன் கல்யாணத்துக்காக முந்தின நாள்தான் சேர்த்திருந்தாள். மூன்றுக்கும் தாத்தா பெயரையே வைத்தாள், காளியப்பன் என்று. அந்த வீட்டு வழக்கம் அது. பெரியப்பா பிள்ளை, சித்தப்பா பிள்ளை எல்லாருமே காளியப்பன்தான்.

கல்யாணத்தன்று மணி பத்து. பத்தரைக்கு முகூர்த்தம் முடிகிறது. தாலியை எடுத்துக்கொண்டு அம்மாவின் அக்காவான பெரியம்மா ஏறிய ஊத்துக்குளி பஸ், ஆற்றுப்பாலத்தில் நாற்பது பஸ்ஸுக்குப் பின்னால் நின்றது. அமராவதி குத்துவிளக்குக்கு அருகே இருந்த கணினியை இழுத்து, பஸ் அட்டவணையின் பெட்டியில் ‘ஊத்துக்குளி’ என்று எழுத ஆரம்பித்தாள். மற்ற பஸ்கள் ஒதுங்கிவிட்டால் கால் மணியில் வந்துவிடும்.

மாப்பிள்ளை நாச்சிமுத்து பக்கத்தில் இருந்தான். சென்னிமலைக்காரன், அவளைவிட ஒரே ஒரு நாள் மூத்தவன். எட்டு மாதமாக அவனைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு உள்ளங்கை ஜில்லென்று ஆகிவிடும். அவன் அவள் காதருகே குனிந்தான்.

“அம்மிணி, உன்கிட்ட ஒண்ணு சொல்லோணும். எனக்கு...”

அவள் கடைசி எழுத்தைத் தட்டினாள். அவன் இல்லை.

பஸ்கள் ஒதுங்கியது சரிதான். ஆனால் காளியப்பா என்று ஒரு குரல் கொடுத்தால் மூன்று பேரும் திரும்பிப் பார்க்கத்தானே செய்வார்கள்? மூன்று அட்டவணைகளும் அந்த ஒரு சொல்லுக்குக் கட்டுப்பட்டன. பந்தியில் ஊத்துக்குளி வெண்ணெய் மட்டும் மிஞ்சியது. மண்டபத்தில் ஊத்துக்குளியில் பிறந்தவர்கள் மட்டும் மிஞ்சினார்கள். அமராவதியின் அம்மா துளசியம்மாள், அம்மாவின் தம்பி பொங்கியண்ணன், ஒரு தவில்காரர். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதால் அமராவதியும் தப்பித்தாள். தவில்காரர் நாதஸ்வரத்துக்காகக் கொஞ்சம் பார்த்தார். பிறகு தனியாகவே வாசித்தார்.

எழுதியதை அழித்தால் மாப்பிள்ளை வருவான். நாற்பது பஸ்ஸும் கூடவே வந்து பாலத்தை அடைக்கும், தாலி வராது. அழிக்காவிட்டால் தாலி வரும், கட்டுவதற்கு ஆள் இருக்காது.

“கல்லைக் கண்டா நாயைக் காணோம், நாயைக் கண்டா கல்லைக் காணோம்” என்றார் மாமன்.

“கல்யாண மண்டபத்துல நாயி என்னடா நாயி” என்றாள் அம்மா.

அமராவதிக்கு அழுகை முட்டியது. அவன் என்ன சொல்ல வந்தானோ, அதுவும் தெரியவில்லை. வந்த கண்ணீரைப் பட்டுப்புடவை நனையாமல் கழுத்து மாலையில் துடைத்துக்கொண்டாள்.

“மூணுக்கும் எதுக்கு அம்மிணி அவிக பேரை வெச்சே?” என்றாள் அம்மா. “மாமனார் பேரை நான் வாயில சொல்ல முடியுமா? நான் பாட்டுக்கு இதுகளைப் பெரியவன், நடுவலவன், சின்னவன்னு கூப்பிட்டுக்கிட்டுக் கெடக்கறேன்.”

அமராவதி நிமிர்ந்தாள். “அப்படிக் கூப்பிட்டாத் திரும்புதா?”

“திரும்பாம என்ன? புள்ளைகதானே.”

வீட்டில் கூப்பிடும் பெயரையும் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் சொல்ல வேண்டும். மாமன் கணினியை மடியில் கிடத்திக்கொண்டார். சர்க்கரைத் தண்ணீரும் பக்கத்துக்குப் பின்னால் போயிருந்ததால், வெண்ணெயை ஒரு பொட்டுத் தொட்டு வைத்து, ஒவ்வோர் அட்டவணையின் இடது மூலையிலும் மூன்று முறை பெயரைச் சொன்னார். சின்னவன் மட்டும் கொஞ்சம் சிணுங்கினான். அம்மா தட்டிக்கொடுத்ததும் அடங்கிவிட்டான்.

அமராவதி எழுதியதையெல்லாம் அழித்துவிட்டு, பஸ் அட்டவணையான சின்னவனின் பெட்டியில் மட்டும் ‘ஊத்துக்குளி’ என்று எழுதினாள். பஸ்கள் மட்டும் ஒதுங்கின. மண்டபம் நிறைந்தது. பந்தியில் ஜிலேபி வந்து உட்கார்ந்தது. நாதஸ்வரம் தவிலை நடுவில் வந்து பிடித்துக்கொண்டது.

“...மாலை பின்னால குத்துது” என்றான் நாச்சிமுத்து.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மாலையைச் சரிசெய்துவிட்டாள். உள்ளங்கை ஜில்லென்றுதான் இருந்தது.

பத்து இருபத்தாறுக்குப் பெரியம்மா வந்து இறங்கினாள். கல்யாணத்தை நடத்திவைக்கும் அருமைக்காரர் தாலியை வாங்கி நீட்ட, மூன்று முடிச்சும் விழுந்தது. மாமன் சந்தோஷம் தாங்காமல், மனிதர்களின் அட்டவணையான பெரியவனைத் தலையில் தட்டிக்கொடுத்தார். விரல் ‘வயது’ என்ற தலைப்பில் பட்டுவிட்டது.

எல்லாரும் எழுந்து வயது வரிசைப்படி உட்காரப் புறப்பட்டார்கள். தொட்டில் குழந்தைகளை முன்வரிசைக்குக் கொடுத்தனுப்பினார்கள். எண்பத்துநாலு வயது அருமைக்காரர் கடைசி நாற்காலியைப் பார்த்து நடந்தார். தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் பதினோரு வயது இடைவெளி. அவ்வளவு தூரத்திலிருந்தும் தாளம் தப்பாமல் வாசித்தார்கள்.

அமராவதி நாச்சிமுத்துவின் கையை இறுக்கினாள். வரிசை மணமேடைவரை வந்தது, இருவரையும் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுக் கடந்து போனது. அந்த ஊர் அட்டவணையில், அவனுக்கும் அவளுக்கும் நடுவே யாரும் பிறந்திருக்கவில்லை.