ஒப்புக்கொடுத்த வலி

ஹென்றி குடித்த கஞ்சியை வாசலிலேயே வாந்தி எடுத்தார். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல எல்சி. ஒருசந்தி இருக்கேன்ல, ஒடம்பு எளைச்சுக்கீது" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருப்பவன் சுவரைப் பிடித்துக்கொண்டா நடப்பான்?

ஹார்பரில் கண்டெய்னர் கட்டுகிற வேலை என் வீட்டுக்காரருக்கு. முடக்குவாதம் வந்து கை, முட்டியெல்லாம் வீங்கிக் கிடந்தவரை நடமாட வைத்தது கல்மண்டபத்தில் உச்சிமாகாளி அண்ணாச்சி மெடிக்கலில் செட்டாகக் கொடுக்கும் மாத்திரைதான். வருஷக்கணக்காகத் தின்றார். இந்தத் தவக்காலம் தொடங்கிய அன்று நெற்றியில் சாம்பலோடு வந்து, "எல்லாரும் பீர் குடிக்கறத வுடுவான், நான் மாத்திரைய வுட்டுட்டேன். வலிய ஆண்டவருக்கு ஒப்புக்கொட்த்துட்டேன்" என்றார் பெருமையாக. வலி திரும்பியது, பல்லைக் கடித்துக்கொண்டார். ஆனால் வாந்தியையும் மயக்கத்தையும் யார் கேட்டது?

மகள் படிப்புக்காக என் போனில் ஒரு ஆப் போட்டு வைத்திருந்தாள். பேசினால் தமிழிலேயே பதில் சொல்லும். மிச்சமிருந்த மாத்திரை அட்டையைப் படம் பிடித்துக் காட்டினேன். அண்ணாச்சி கத்தரித்துக் கொடுத்ததில் பாதிப் பெயர்தான் இருந்தது. முழுப்பெயர் தெரியாமல் யூகித்துச் சொல்ல மாட்டேன் என்றது அது. கடைக்கு ஓடினேன்.

"இத்தன நாளா தின்னுட்டு சொகமாத்தானம்மா இருந்தாவ?" என்று முனகிக்கொண்டே அண்ணாச்சி மறுபாதியை எடுத்து வைத்தார். அதையும் படம் பிடித்து, இது எப்படி வலியை எடுக்கிறது என்று கேட்டேன். ஸ்டீராய்டு என்றது. உடம்பு தானே சுரக்கும் ஒன்றைப் போன்றதுதான், வீக்கத்தை அடக்கும்; வெளியிலிருந்து ரொம்ப நாள் வந்தால் உடம்பு தன் பங்கைச் சுரப்பதை நிறுத்திவிடும். அப்படி இருக்கும்போது திடீரென்று விட்டால் உயிருக்கே ஆபத்து. வாந்தி, மயக்கம் என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், இந்த மாத்திரையை நிறுத்தியதைச் சொல்லுங்கள், ஊசி தேவைப்படும். விழுங்க முடிந்தால் போகிற வழியிலேயே மாத்திரையைக் கொடுங்கள், அதற்காகத் தாமதிக்காதீர்கள். அட்டையைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

வீட்டில் ஹென்றி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டிருந்தார். சாயந்தரம் சிலுவைப்பாதையில் சிலுவை தூக்கும் முறை இவருடைய ஹார்பர் கேங்குக்கு.

"யோவ், ஹார்பர்ல காண்ட்ராக்ட் ஆளு எறங்கனதும் பர்மனென்ட் ஆளு இன்னா பண்ணான்?"

"வூட்ல குந்திக்கினான். அதுக்கின்னா இப்போ?"

"உன் ஒடம்புலயும் அதான் கதை. மாத்திரைதான் காண்ட்ராக்ட் ஆளு. அவன நீ தொரத்திட்ட. வூட்ல குந்தனவன் இன்னும் வர்ல. கப்பல்ல இப்ப ஒர்த்தனும் இல்லய்யா! கெளம்பு ஆஸ்பத்திரிக்கு."

அவர் முகம் வெளிறிப்போனது. "ஆண்டவருக்குக் குட்த்தத திருப்பி வாங்கச் சொல்றியா எல்சி?"

"வலியத்தானய்யா குட்த்த? உன் உசுரு எனக்கும் சொந்தம். என்னிய கேட்டியா?" சொல்லும்போதே அழுதுவிட்டேன். "உன் ஒறுத்தல என் தலையில போடு. ஈஸ்டர் வரிக்கும் ஒருவேளதான் துன்னுவேன்."

ஏதோ சொல்ல எழுந்தவர், முட்டி மடங்கி, சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

பக்கத்து வீட்டு அப்சல் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு கிளம்பினோம். ஹார்பர் ரோட்டில் கண்டெய்னர் லாரிகள் அசையாமல் நின்றன. அப்சல் ஹாரனை விடாமல் அழுத்தினான். ஹென்றியின் தலை என் தோளில் கிடந்தது, சட்டையெல்லாம் வியர்வை. மாத்திரையைப் பிரித்து அவர் உதட்டருகே கொண்டுபோய், "யோவ், தொறய்யா" என்றேன். கண்ணை மூடியபடியே, பூசையில் நற்கருணை அப்பம் வாங்குவதுபோல் நாக்கை நீட்டினார். வைத்தேன்.

"ஆமென்" என்றார்.